தடமும் கையும்

2023ஆம் ஆண்டில் வெளிவந்த சோதனை இசைத்தட்டுகளில், அதிகம் பேர் காதுக்கு எட்டாதவற்றில், எனக்கு உகந்தவை எவை என்று எழுதித் தரும்படி நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். மேல்நாட்டுப் பத்திரிகைகளில் டிசம்பர் வந்தால் இப்படிப் பட்டியல்கள் வரும். பத்து, இருபத்தைந்து, ஐம்பது என்று. நானும் உட்கார்ந்தேன். இரண்டு பெயர்களுக்கு மேல் போகவில்லை. கேட்ட தட்டுகள் குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் எழுதிய இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது பட்டியல் போடுகிற காரியத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தைப் பின்தொடர்ந்து போனதில், பழைய சரித்திரத்துக்குள், அதுவும் புதுக்கோட்டைச் சரித்திரத்துக்குள் போய் விழுந்தேன். பட்டியல் கேட்ட நண்பருக்குக் கிடைப்பது இதுதான்.

இரண்டு தட்டுகளில் முதலாவது 'தி என்.ஐ.டி. டேப்ஸ்'. அகமதாபாத்தின் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைனில் 1969 முதல் 1972 வரை செய்யப்பட்ட மின்னணு இசைப் பதிவுகளின் தொகுப்பு. ஐம்பது ஆண்டுகள் யாரும் கேட்காமல் கிடந்த ஒலிநாடாக்களிலிருந்து எடுத்தது. இரண்டாவது 'திஸ் மொமெண்ட்'. ஷக்தி குழு 1977க்குப் பிறகு, நாற்பத்தாறு ஆண்டு இடைவெளி விட்டு, ஸ்டூடியோவில் செய்த தட்டு. இதை யாரும் அண்டர்கிரவுண்ட் என்று சொல்லமாட்டார்கள். 2024 பிப்ரவரியில் கிராமி பரிசே வாங்கிவிட்டது. பின் எதற்காக இதை எழுதினேன் என்றால், அதில் செல்வகணேஷ் வாசிக்கிற கஞ்சிராவுக்காக. அந்தக் கஞ்சிரா எங்கள் ஊரில் ஒரு மனிதர் செய்த பரிசோதனை. அவருடைய வாசிப்பு எந்தத் தட்டிலும் இல்லை.

('அண்டர்கிரவுண்ட்' என்பதற்குத் தமிழ் தேடிப் பார்த்தேன். 'தலைமறைவு இசை' என்றால் போலீஸ் தேடுவதுபோல இருக்கிறது. நம் ஊர் சோதனைக்காரர்களைப் போலீஸ்கூடத் தேடுவதில்லை. அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிடுகிறேன்.)

முதலில் அகமதாபாத். அந்த நிறுவனம் 1961இல் தொடங்கப்பட்டது. பின்னால் நின்றவர்கள் கௌதம், கீரா சாராபாய். அவர்கள் சகோதரி கீதா சாராபாய். இந்தக் கதையின் நடுவில் இருக்கவேண்டியவர் இவர். பெண்கள் பக்வாஜைத் தொடாத காலத்தில் பக்வாஜ் கற்றவர். 1946இல் நியூயார்க் போனார். மேற்கத்திய இசை நம் இசை மேல் வந்து விழுந்துகொண்டிருக்கிறது, அது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் அதை எதிர்கொள்ள முடியாது என்பது அவர் கவலை. அங்கே ஜான் கேஜைச் சந்தித்தார். பணம் வாங்காமல் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொண்டார்கள். கேஜ் அவருக்கு எதிர்ஸ்வர முறையையும் சமகால மேற்கிசையையும் சொன்னார், இவர் கேஜுக்கு இந்திய இசையைச் சொன்னார். சங்கீதம் எதற்கு என்று கேஜ் கேட்டதற்கு, மனத்தைத் தெளிவித்து அடக்கி, தெய்வீகத்துக்குத் திறந்து வைக்கத்தான் என்று தன் குருவின் வார்த்தையைச் சொன்னார் என்றும், போகும்போது ராமகிருஷ்ணரின் உபதேச நூலைக் கொடுத்துவிட்டுப் போனார் என்றும் கேஜே பின்னால் பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். மேற்கின் நவீன இசைச் சரித்திரங்களில் கீதா சாராபாய்க்குக் கிடைப்பது இந்த ஒரு பத்திதான். கேஜுக்கு ஒரு வாக்கியம் கொடுத்துவிட்டு நகர்ந்துபோன இந்தியப் பெண். அவர் இசை செய்தார் என்பதற்கு நாடா வெளிவர 2023 ஆகவேண்டியிருந்தது.

1969இன் பிற்பகுதியில் டேவிட் ட்யூடர் அகமதாபாத் வந்தார். 1952இல், ஒரு ஸ்வரமும் வாசிக்காமல் நாலு நிமிஷம் முப்பத்து மூன்று விநாடி பியானோவின் முன் உட்கார்ந்திருந்து கேஜின் அந்தப் பிரசித்தமான படைப்பை முதலில் அரங்கேற்றியவர் இவர்தான். கையோடு மூக் சிந்தசைஸர் ஒன்று வந்தது. அதை நிறுவி, வேலை செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். அதன்பின் அங்கிருந்தவர்கள் மூன்று ஆண்டுகள் அதைக் குடைந்துகொண்டிருந்தார்கள்: கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா என்ற மாணவர். 1972க்குப் பிறகு நாடாக்கள் இல்லை. இயந்திரம் ஓய்ந்தது, ஆட்கள் பிரிந்தார்கள். நாடாக்கள் ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்தன. லண்டனிலிருந்து வந்த பால் பர்கஸ் என்ற கலைஞர் அவற்றைக் கண்டெடுத்து, 2020இல் பி.பி.சி. வானொலியில் ஒரு நிகழ்ச்சி செய்தார். பிறகு தட்டு.

கேட்டவனின் அபிப்ராயத்தைச் சொல்லவேண்டும். இந்தத் தட்டில் பாதிக்கு மேல் பயிற்சி. ஒரு புது வாத்தியத்தைக் கையில் வாங்கியவன் என்னென்ன சத்தம் வருகிறது என்று பார்க்கிற சத்தம். ஜோஷிபுராவின் 'ஸ்பேஸ் லைனர் 2001' பெயரிலேயே வயசு தெரிகிற படைப்பு, ஒரு மாணவன் ஆகாயத்தைப் பார்த்துச் செய்தது. தேசாய் 1970 ஒசாகா கண்காட்சிக்காகச் செய்ததில் ஸ்தாபன வாசனை அடிக்கிறது. ஆனால் மாத்தூரின் 'ஒன்ஸ் ஐ ப்ளேய்ட் எ தம்புரா' வேறு. தம்புராவை நமக்குப் பின்னணியாகவே தெரியும். கச்சேரியில் அதைக் கேட்கிறோம் என்ற பிரக்ஞையே இல்லாமல் கேட்கிறோம். மாத்தூர் அந்தப் பின்னணியை முன்னால் இழுத்துப் போட்டார். பாடகன் வரமாட்டான் என்று தெரிந்தபின் தம்புராவைக் கேட்பது வேறுவிதமான கேட்பு. இந்த யோசனை அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததென்று சொல்லமுடியாது. இயந்திரம் வந்தது, யோசனை இங்கே இருந்தது.

சரி. இதன் பிறகு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. இதுதான் என்னை உறுத்துவது. மாத்தூரைக் கேட்டு ஒரு சிஷ்யன் உருவாகவில்லை. சினிமாவுக்கு சிந்தசைஸர் வந்தபோது அது வேறு வழியாக, வேறு தேவைக்காக வந்தது. 1969க்கும் 2023க்கும் நடுவில் இந்த நாடாக்களின் செல்வாக்கு பூஜ்யம். நம் சிறுபத்திரிகைகளில் 'முன்னோடி' என்ற சொல்லை நாம் தாராளமாகச் செலவழிக்கிறோம். முன்னே ஓடியவனுக்குப் பின்னே யாராவது ஓடி வந்தார்களா என்று பார்ப்பதில்லை.

இந்தச் சொல்லின் விபரீதம் முற்றிப்போன இடம் சரண்ஜித் சிங் விவகாரம். பம்பாய் சினிமா வாத்தியக் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்தவர். 1982இல் ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகளை வைத்துக்கொண்டு, டிஸ்கோ தாளத்துக்குப் பத்து ராகங்கள் என்று ஒரு தட்டுச் செய்தார். பூபாலி, யமன், மால்கௌன்ஸ், கலாவதி, அதாவது நம் மோகனம், கல்யாணி, ஹிந்தோளம், வலசி. தட்டு விற்கவில்லை. அதில் ஒரு கருவி, டி.பி. 303 என்பது, கிதார்க்காரன் தனியாக இருக்கும்போது அவனுக்குப் பக்கத்துணையாக பேஸ் வாசிக்கச் செய்த சின்னப் பெட்டி. அதில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. சரண்ஜித் சிங் அதைப் பிடித்துக்கொண்டார். மேற்கத்தியக் கீபோர்டில் ராகம் வாசிக்கிறவனுக்கு உள்ள பெரிய தலைவலி, கட்டைக்குக் கட்டை தாண்டவேண்டியிருப்பது. ஜாருவுக்கு இடமில்லை. இந்தப் பெட்டி வழுக்கியது, அவருக்கு அது போதும்.

ஐந்து ஆண்டு கழித்து, 1987இல், சிகாகோவில் அதே பெட்டியை வைத்து 'ஆசிட் ஹவுஸ்' என்று பின்னால் பேர் வாங்கிய இசையின் முதல் தட்டு வந்தது. அவர்கள் சரண்ஜித் சிங்கைக் கேட்டதில்லை. 2010இல் அவர் தட்டு மறுபதிப்பு வந்ததும், ஆசிட் ஹவுஸின் பிதா ஒரு பம்பாய் சர்தார்ஜி என்று பட்டியல்காரர்கள் கூத்தாடினார்கள். தன் பிள்ளைகளை அறியாத, பிள்ளைகளும் அறியாத பிதா. 2015இல் அவர் காலமானார். கடைசிக் காலத்தில் கொஞ்சம் ஊர் சுற்றி வாசிக்க முடிந்ததே, அது நல்லதுதான். ஆனால் சரித்திரம் என்று பார்த்தால், ஒரே பெட்டி இரண்டு ஊரில் இரண்டு பேரை ஒரே இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது, அவ்வளவுதான். தேதியை வைத்து வம்சாவளி எழுதுவது பட்டியலுக்குள்ள கெட்ட பழக்கம்.

பதிவு இருக்கிறது, பின்தொடர்ந்த ஆள் இல்லை என்ற இந்த நிலைக்கு எங்கள் ஊர்ப்பக்கம் ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட உதாரணம் ஒன்று இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் குடுமியான்மலை. சிகாநாதசாமி கோயிலுக்குள், மேலைக்கோயில் என்னும் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், சுமார் பதின்மூன்று அடிக்குப் பதினான்கு அடி பரப்பில் ஒரு கல்வெட்டு. பல்லவ கிரந்த எழுத்தில் ஸ்வரங்கள். ஸ்வரங்கள் மட்டும். சாகித்யம் கிடையாது, தாளக் குறி கிடையாது. ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு பழைய ராகத்துக்கு: மத்யமக்ராமம், ஷட்ஜக்ராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம். ஒரு வரிக்குப் பதினாறு தொகுதி, தொகுதிக்கு நாலு ஸ்வரம். ஒரு வரியில் உள்ள தொகுதிகள் எல்லாம் ஒரே ஸ்வரத்தில் போய் முடிகின்றன. பாட்டை எழுதி வைத்தவன் இப்படி எழுதமாட்டான். இந்த ஸ்வரத்தில் வந்து நிற்பதற்கு எத்தனை வழி இருக்கிறது என்று ஒருவன் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான். ருத்ராசார்யரின் சிஷ்யரான, பரம மாகேச்வரரான ஓர் அரசர், மாணாக்கர்களின் நன்மைக்காகச் செய்வித்தது என்று கடைசியில் சொல்கிறது. அரசர் மகேந்திரவர்மன்தான் என்று பாடப் புத்தகம் சொல்லும். கல்வெட்டில் அந்தப் பெயர் இல்லை, ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எல்லாம் ஸம்ஸ்கிருதத்தில் சொல்லிவிட்டு, கீழே தமிழில் ஒரு சின்ன வரி: எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்கிறது. எட்டு எது, ஏழு எது? வீணையின் தந்திகளா? அதுவும் வழக்கில்தான் இருக்கிறது.

1904இல் கல்வெட்டுத் துறையினர் கண்டார்கள். பி.ஆர். பண்டார்கர் எபிகிராபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் பதிப்பித்தார். ஸ்வர எழுத்துகள் அகரம், இகரம், உகரம், எகரம் என்று நாலு உயிரோடு மாறி மாறி வருகின்றன: ச, சி, சு, செ. சிலவற்றின் தலையில் புள்ளி. இந்த உயிர்கள் சுருதியின் நுணுக்கத்தையா, விரல் மீட்டையா, கமகத்தையா, எதைச் சொல்கின்றன என்று யாருக்கும் தீர்மானமாகத் தெரியாது. எழுதினவர்களுக்கு அது விளக்கவேண்டிய விஷயமாக இருக்கவில்லை. சிஷ்யன்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தானே!

போன தடவை போனபோது கோயில் காவலர் பூட்டைத் திறந்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "சங்கீதம் தெரிஞ்சவுங்களா சார்? இதைப் பாடிக் காட்ட முடியுமா?" என்றார். தெரியாதுங்க என்றேன். "எல்லாரும் அதைத்தான் சொல்லிட்டுப் போறாங்க" என்று பூட்டினார்.

இதே போல இன்னொன்று திருமயத்தில் சிவன் குடைவரையில் இருந்தது. பரிவாதினிதா என்ற சொல்லும் சில சிதறல்களும்தான் மிச்சம். 13ஆம் நூற்றாண்டில், பக்கத்துப் பெருமாள் கோயிலுக்கும் சிவன் கோயிலுக்கும் இருந்த வழக்குத் தீர்ந்ததைப் பொறித்து வைக்க இடம் தேவைப்பட்டது. படிக்கத் தெரியாத பழைய எழுத்து அவர்களுக்குக் காலி இடம். அதன் மேலேயே வெட்டினார்கள். வானொலி நிலையங்கள் நாடாவை மிச்சம் பிடிக்கப் பழைய கச்சேரியை அழித்துவிட்டுச் செய்தி அறிக்கையைப் பதிவுசெய்தது எல்லா நாட்டிலும் நடந்திருக்கிறது. திருமயத்துக்காரர்களிடம் மட்டும் கோபித்து என்ன பயன்?

இனி, ஒரு துண்டுத் தடமும் விடாமல் போனவர்.

மாமுண்டியா பிள்ளை என்றும் மான்பூண்டியா பிள்ளை என்றும் எழுதுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதுக்கோட்டையில் வாழ்ந்தவர். சமஸ்தானத்தில் விளக்குப் பார்க்கிற வேலையில் இருந்தார் என்று சொல்வது வழக்கம். லயம் கற்றது மாரியப்பத் தவில்காரரிடம். தவிலைக் கற்றவர் தவில் வாசிக்கவில்லை, மிருதங்கத்துக்கும் போகவில்லை. பஜனைக் கோஷ்டிகளில் தட்டிக்கொண்டிருந்த ஒரு சாமானைக் கையில் எடுத்தார். பலா மரத்தில் கடைந்த ஒரு வளையம், சாண் அகலம். ஒரு பக்கம் உடும்புத் தோல். மரத்தைத் துளைத்துச் செருகிய ஜால்ராத் தகடுகள். பஜனையில் அதற்கு வேலை, தாளத்தோடு சலசலவென்று இருப்பது. அவர் தகடுகளைக் குறைத்து ஒரே ஜோடிக்குக் கொண்டுவந்தார். சலசலப்பு போனதும் தோலின் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. புதிதாக ஒன்றைச் சேர்த்து அவர் வாத்தியம் செய்யவில்லை, எடுத்துவிட்டுச் செய்தார். அடுத்த சிரமம் பெரிசு. மிருதங்கத்துக்கு இரண்டு முகம், இரண்டு கை. தவிலுக்கும் அப்படியே. கஞ்சிராவில் இடது கை பிடித்துக்கொண்டிருக்கிறது, வலது கை ஒன்றுதான் வாசிக்கிறது. இரண்டு கைக்கு ஏற்பட்ட தவில் சொற்களையெல்லாம் ஒரு கைக்குள் கொண்டுவரவேண்டும். விரல்களையும் உள்ளங்கையையும் மாற்றி மாற்றிப் பிளந்து அதைச் செய்தார்கள். பிடித்திருக்கிற கையும் சும்மா இருப்பதில்லை. அதன் விரல் விளிம்பருகே தோலை அழுத்த, தொனி கீழிருந்து மேலே ஏறும். கும்கி. வாத்தியத்துக்கு நிலையான சுருதி கிடையாது. உட்புறம் தண்ணீர் தெளித்தால் தோல் தளர்ந்து குரல் கனக்கும், காய்ந்தால் கீச்சென்று போகும். கச்சேரி நடுவில் திரும்பத் தெளிக்கவேண்டும். அகமதாபாத்தில் மூக்கின் முன் உட்கார்ந்தவர்களும், வழுக்கும் பெட்டியைக் கண்டு சந்தோஷப்பட்ட சரண்ஜித் சிங்கும் தேடியது, ஒரு தொனியிலிருந்து இன்னொன்றுக்கு இடையில் உள்ள இடத்தை. அதை இங்கே ஒரு கையளவு உடும்புத் தோலிலும் ஒரு டம்ளர் தண்ணீரிலும் ஒருவர் முன்னமே வைத்துக்கொண்டிருந்தார். இதைச் சொல்லும்போதே நானும் முன்னோடி பட்டம் கட்டப் பார்க்கிறேனோ என்று பயமாயிருக்கிறது. அகமதாபாத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரே பிரச்னை, வேறு வேறு மனிதர்கள்.

சம்பந்தம் வேறு திசையில் இருக்கிறது. மாமுண்டியா பிள்ளையிடம் ஆட்கள் வந்தார்கள். தட்சிணாமூர்த்திப் பிள்ளை வந்தார். 1936இல் அவர் காலமாகிறவரை, மிருதங்கமும் கஞ்சிராவுமாகத் தென்னாட்டு மேடைகளில் அவருக்கு இருந்த இடம் பெரியது. பழனி முத்தையா பிள்ளை வந்தார். அவர் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை. மிருதங்கத்தில் தஞ்சாவூர் வழி, புதுக்கோட்டை வழி என்று இரண்டாகச் சொல்கிறோமே, அதில் புதுக்கோட்டை வழி என்பது ஒரு கஞ்சிராக்காரரிடமிருந்து புறப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். ஒரு கையின் கணக்கு இரண்டு கைக்குத் திரும்பிப் போய் அதை மாற்றியது. பழனி இடது கைக்காரர். அவர் வாசித்தால் மேடையில் உட்காரும் வரிசையே மாறவேண்டும் என்று சிலருக்கு முகம் கோணியது, செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்காக நின்றார் என்பது கச்சேரி உலகம் அறிந்த கதை. 1962 வரை பழனி இருந்தார். அவர் வாசிப்பு ஒலிப்பதிவில் கிடைக்கிறது. கேட்கும்போது, இதற்குப் பின்னால் இருப்பது எவருடைய கை என்று ஊகித்துக்கொண்டே கேட்கிறேன். ஊகம்தான்.

இந்தியாவில் முதல் கிராமபோன் பதிவு 1902இல் கல்கத்தாவில் நடந்தது. மாமுண்டியா பிள்ளை அப்போது இருந்தார். இருந்தும் பயனில்லை. பாட்டுக்காரர் கொம்புக்குள் தலையை விட்டுக் கத்தவேண்டிய காலம், மின்சாரப் பதிவு 1925இல்தான் வந்தது. கொம்பின் வழி தோல் வாத்தியம் மெழுகில் ஏறுவது சிரமம். ஏறினாலும் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குள் தனி ஆவர்த்தனம் எங்கே அடங்கும்? அவருடைய கலை இருந்த இடத்தில் இயந்திரத்துக்குக் காது இல்லை. ராஜாவுக்குப் பாறை கிடைத்தது. விளக்குக்காரருக்கு மெழுகுகூடக் கிடைக்கவில்லை என்று சுலபமாகக் கோபப்படலாம். கோபம் நியாயம்தான். ஆனால் பாறை கிடைத்த சங்கீதத்தை இன்று பாட ஆள் இல்லை. மெழுகு கிடைக்காததை, நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த வேளையில் எங்கோ ஒரு சபாவில் ஒரு பையன் வாசித்துக்கொண்டிருப்பான்.

நான் வங்கிக் குமாஸ்தா. எனக்கு இது இப்படிப் புரிகிறது: ஒன்று ஏட்டில் இருக்கிறது, கையிருப்பில் இல்லை. மற்றது கையிருப்பில் இருக்கிறது, ஏட்டில் இல்லை. தணிக்கைக்காரர் இரண்டிலும் சிவப்பு மசி போடுவார். ஆனால் ஆண்டு இறுதியில் பட்டியல் போடுகிறவர் ஏட்டை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துபோய்விடுகிறார்.

இதோடு ஷக்திக்கு வருகிறேன். 1975இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் நேரடியாகப் பதிவுசெய்து 1976இல் வந்த அவர்களுடைய முதல் தட்டு, மெக்லாக்லினின் மின்கிதார் பக்தர்களுக்குப் பிடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள், சத்தம் போதவில்லை என்றார்கள். எல். சங்கரின் வயலின், ஜாகீர் உசேனின் தபேலா, விக்கு விநாயக்ராமின் கடம், ராகவனின் மிருதங்கம். நாட்டின் வடக்கும் தெற்கும் மேடையில் சேர்ந்து உட்கார ஓர் ஐரிஷ் வம்சத்து ஆங்கிலேயர் வந்து சேர்த்துவைக்க வேண்டியிருந்தது என்பதை நாம் கொஞ்சம் யோசிக்கலாம். அந்தத் தட்டில் ஆபத்து இருந்தது. எந்த நிமிஷமும் சிதறிவிடும் என்ற பயத்தோடு கேட்கலாம். 'திஸ் மொமெண்ட்'டில் அது இல்லை. வழவழவென்று இருக்கிறது. சங்கர் மகாதேவனின் குரல் தேன். தேன் அதிகம். பரிசு வாங்கவேண்டிய தட்டு பரிசு வாங்கியது. ஜாகீர் உசேன் 2024 டிசம்பரில் மறைந்துவிட்டதால் இனி இதைக் கடுமையாகப் பேசவும் மனம் வருவதில்லை.

ஆனால் கஞ்சிரா. விக்குவின் மகன் செல்வகணேஷ் அதை ஹரிசங்கரிடம் கற்றவர். 2002இல் போய்விட்ட ஹரிசங்கர், அவருக்கு முன் வி. நாகராஜன், இவர்களால்தான் கஞ்சிரா மேடையின் மூலையிலிருந்து நகர்ந்தது. இந்தத் தட்டில் மற்றவர்கள் எல்லாரும் மெருகிட்டுக்கொண்டிருக்கும்போது, அடியிலிருந்து ஒரு தொனி தோலை இழுத்துக்கொண்டு மேலே ஏறுகிறது. ஓரிரு விநாடி. அது தட்டின் பளபளப்போடு சேரவில்லை. பஜனை மடத்திலிருந்து வந்த சாமான் பஜனை மடத்து முரட்டுத்தனத்தை விடவில்லை. நான் அந்த இரண்டு விநாடிக்காகத்தான் இந்தத் தட்டைப் பட்டியலில் எழுதினேன். செல்வகணேஷின் குரு பரம்பரையை நேராகப் புதுக்கோட்டை வரை இழுத்துக் கோடு போட எனக்கு உத்தேசமில்லை. வாத்தியம் இங்கிருந்து போனது, அது போதும்.

நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். தமிழில் சோதனை என்றால் இளையராஜாவின் 1986ஆம் வருஷத்து 'ஹௌ டு நேம் இட்' எங்கே? நல்ல தட்டு. தியாகராஜரையும் பாஹையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்து, வி.எஸ். நரசிம்மனின் வயலினைக் கொண்டு பேசவைத்தது. அதற்கு ஏடும் உண்டு, கையிருப்பும் உண்டு. கேட்காதவர் இல்லை. இந்தக் கட்டுரைக்கு அதில் வேலை இல்லை.

கடைசியாக ஒரு விஷயம். உடும்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்பட்ட பிராணி. கொல்லக்கூடாது, தோலை விற்கக்கூடாது. சரியான சட்டம். மாமுண்டியா பிள்ளை கேட்ட தோல் இனி புதிதாகக் கிடைக்காது. ஆட்டுத் தோலில் செய்கிறார்கள், செயற்கைத் தோலிலும் செய்கிறார்கள். ஆட்டுத் தோலில் கும்கி முன்போல ஏறுவதில்லை என்று பழைய ஆட்கள் குறைப்படுகிறார்கள். சென்ற மாதம் திருக்கோகர்ணம் பக்கம் ஒரு கோயில் கச்சேரியில் ஓர் இளைஞர் வாசித்தார். ஆட்டுத் தோல்தான். தனி ஆவர்த்தனம் வருவதற்குள் மூன்று தடவை தண்ணீர் தெளித்து, காதருகே வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார். திருப்தியில்லை. விளிம்பில் அழுத்துகிற விரலை விட்டுவிட்டு, பிடித்திருந்த கையின் அடிப்பாகத்தை தோலுக்குப் பின்னால் கொண்டுபோய், அங்கிருந்து தள்ளிப் பார்த்தார். நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. மிருதங்கக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் இன்னொரு முறை அதையே செய்தார். இரண்டாம் தடவை வரவில்லை.